ஒன்றரையால் பெருக்கு

மதியம் மூன்று மணி. ஏழு கறுப்பு அங்கிகள். எதிரே தனியாக மாரிட் ஹூகெமா.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஹாலந்தில் இதற்கு நாற்பத்தைந்து நிமிடம்தான். அது முடிந்ததும் கட்டியங்காரர் வந்து கோலைத் தட்டுவார். பாதிச் சொல்லில் இருந்தாலும் பேச்சு நின்றுவிட வேண்டும்.

மாரிட்டின் ஆராய்ச்சி சாலைத் தாரைப் பற்றியது. தாரில் எவ்வளவு கல்தூள் சேர்த்தால் அது எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதற்கு ஒரு சமன்பாடு. ஆனால் கணக்கில் வந்ததைவிடக் கருவியில் அளந்த தார் எப்போதும் ஒன்றரை மடங்கு கெட்டியாக இருந்தது. அதனால் விடையை ஒன்றரையால் பெருக்கிவிட்டார்கள். அந்த ஒன்றரைக்கு 'வீர்ஸ்மா எண்' என்று பெயர். வீர்ஸ்மா அவளுடைய பேராசிரியர். பெயர் வைத்தவரும் அவர்தான்.

அன்று காலையில்தான் ஆய்வகப் பணியாளர் ஸ்யூர்ட் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"கருவியோட வெப்பமானி பொய் சொல்லுதும்மா. நூத்து முப்பத்தஞ்சுன்னு காட்டுறப்போ உள்ளே நூத்து இருபத்தெட்டுதான். சூடு குறைஞ்சா தார் கெட்டியாத்தானே இருக்கும்? உன் ஒன்றரை அங்கேருந்துதான் வருது."

"நாலு வருஷம் விட்டுட்டு இன்னிக்கா சொல்வீங்க?"

"மூணு தடவை உன் பேராசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். அதுமேலதான் காபிக் கோப்பையை வைக்கிறார்."

மணி மூன்று நாற்பத்திரண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியை கிளாயிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் அழகா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஒன்றரை எங்கேருந்து வந்தது?"

வீர்ஸ்மா கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஸ்யூர்ட் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாரிட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாண்புமிகு தேர்வாளர் அவர்களே! மிக ஆழமான கேள்வி. மனமார்ந்த நன்றி. விடைக்குப் போகும் முன், தாரின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்..."

பாபிலோனில் தார் பூசிய செங்கல்லிலிருந்து ஆரம்பித்தாள். எகிப்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு திறந்தது.

"நேரம் முடிந்தது!" கோல் தரையில் இடித்தது.

கிளாயிஸ் சிரித்துவிட்டார். "எகிப்து வரைக்குமாவது வந்தோமே!"

பட்டம் கிடைத்தது.

விருந்தில் வீர்ஸ்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்! பாபிலோன் எனக்கே தோணியிருக்காது."

மாரிட் பொரித்த இறைச்சி உருண்டைத் தட்டோடு ஸ்யூர்ட்டைத் தேடிப் போனாள். கண் கலங்கியிருந்தது.

"என்னைக் கேவலமா நினைக்கிறீங்க, இல்ல?"

ஸ்யூர்ட் தட்டைப் பார்த்தார். "ஆறட்டும். நாக்கைச் சுட்டுடும்."

"எனக்குன்னு ஒரு அதிகாரம் வரட்டும், ஸ்யூர்ட். முதல் வேலையா அந்தக் கருவியை மாத்தறேன். சத்தியமா."

சொன்ன சொல்லை அவள் மறக்கவில்லை. அதே ஆய்வகத்துக்குத் தலைவரான இரண்டாவது மாதம், 2023 மார்ச் 6, திங்கட்கிழமை, புதுக் கருவி வந்து இறங்கியது. மாலையில் ஸ்யூர்ட் அதன்மேல் அவள் எழுதிக் கொடுத்த ஓர் அறிவிப்பை ஒட்டினார்:

"இந்தக் கருவி வெப்பத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆகவே, வீர்ஸ்மா எண் பொருந்தும் பொருட்டு, 135 டிகிரிச் சோதனைகள் அனைத்தையும் இனி 128 டிகிரியில் செய்யவும். – முனைவர் மாரிட் ஹூகெமா, தலைவர்."