மிஞ்சிய அலை

தணிகாசலத்தின் மூளையிலிருந்து வரும் கோடு திரையில் நெளிந்துகொண்டே இருந்தது. அந்த நெளிவில் அவருடையது என்று ஏதாவது இருந்தால்தான் சுவாசக் கருவியை விட்டுவைப்பார்கள். இப்போது அதுதான் சட்டம். ஆஸ்பத்திரியின் மென்பொருள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. சாயங்காலம் கருவியை எடுத்துவிடுவார்கள்.

அவர் மனைவி செண்பகம் அதை நம்பவில்லை. இலவச மென்பொருள் ஒன்றைப் போனில் இறக்கி, அந்தக் கோட்டை இழை இழையாகப் பிரித்தாள். கருவி ஊதும் மூச்சைக் கழித்தாள். நாடித்துடிப்பைக் கழித்தாள். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் அதிர்வையும் கழித்தாள். அப்போதும் மெல்லிய அலை ஒன்று மிஞ்சியது.

"ஜெனிட்டா, ஓடி வாம்மா! அவரு இருக்காரு! டாக்டரைக் கூப்பிடு!"

ஓடிவந்த நர்ஸ் போனைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். செண்பகத்தின் இடது கை, இங்கே வந்த நாளிலிருந்து செய்வதைப் போலவே, கணவரின் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் அமுக்கும்போதெல்லாம் அலை எழுந்தது.

"அக்கா," ஜெனிட்டா தயங்கினாள். "கைய ஒரு நிமிஷம் எடுங்க. பார்ப்போம்."

செண்பகம் போனை அவள் கையில் திணித்துவிட்டு, இரண்டு கைகளாலும் அமுக்கத் தொடங்கினாள்.