ஆணிகளுக்கு நடுவே ஒரு செப்புக்காசு

பழைய சந்தைத் திடலில், துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே ஒரு செப்புக்காசு வெகுகாலமாகப் புதைந்து கிடந்தது.

ஒருநாள் பொன்னுரங்கம் என்பவர் மெட்டல் டிடெக்டரோடு அங்கே வந்தார். அதன் அடியில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு வளையம் இருந்தது. அது காசின் தலைக்கு மேல் வந்ததும், "நான் இங்கே இருக்கேன்!" என்று காசு கத்தியது. ஆணிகளும் கூடவே கத்தின.

"ஒரே இரைச்சல். எல்லாம் இரும்புதான்," என்றது பெரிய வளையம். மூன்று முறை அப்படியே கடந்து போனது. அதன்பிறகு காசு வாயைத் திறக்கவில்லை.

பொன்னுரங்கம் பெரிய வளையத்தைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவே இருந்த சின்ன வளையத்தை மாட்டினார். அது ஒவ்வோர் ஆணியிடமும் நின்று நின்று விசாரித்துக்கொண்டு வந்தது.

"என்னை விடு," என்றது ஒரு வளைந்த ஆணி. "இதோ, என்னை ஒட்டினாப்ல ஒருத்தி இருக்கா. நாங்க போட்ட கூச்சல்ல அவ குரல் எடுபடல."

சின்ன வளையம் ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. "சொல்லும்மா, கேக்கறேன்."

"இருக்கேன்," என்றது காசு.

பொன்னுரங்கம் மண்ணைக் கிளறிக் காசை எடுத்தார். வேட்டி முனையால் துடைத்து, "எத்தனை காலமா இங்கே கிடக்கே!" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த வளைஞ்சவனையும் கூட்டிட்டு வரலாமா?" என்று பைக்குள்ளிருந்து சின்ன வளையத்திடம் கேட்டது காசு.

இரும்பைக் கண்டால் சின்ன வளையம் உறுமத்தான் வேண்டும். அன்றைக்கு அது வளைந்த ஆணியின் மேல் நின்று, செம்புக்கு ஒலிப்பதுபோல் இனிமையாக ஒலித்தது.

பொன்னுரங்கம் ஆவலோடு தோண்டினார். கையில் வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நீதானா? சரி, வா," என்று அதையும் அதே பையில் போட்டார்.