கைப்பிடி திரும்பும் பக்கம்

மருந்துக்கடைத் தூணுக்குப் பின்னால் நாய்ப் பயிற்சியாளர் இருப்புக்கொள்ளாமல் நிற்கிறார். காற்று அவர் முகத்தில்தான் அடிக்கிறது. அவர் வாடை முன்னால் நிற்கும் நாய்க்குப் போகாது. பத்தடி தள்ளி, நடைபாதை விளிம்பில், பார்வையில்லாத தையல் டீச்சர். அவர் இடது கையில் சேணத்தின் கைப்பிடி, அதற்குக் கீழே வழிகாட்டி நாய், ஷெப்பர்ட். இன்றுதான் இருவரும் முதன்முறையாகத் தனியே தெருவைக் கடக்கப் போகிறார்கள். லாப்ரடார் வகை நாய் என்றால் கவலையே இல்லை, பிஸ்கட் நீட்டுகிறவரெல்லாம் அதற்கு மாமன் மச்சான். ஷெப்பர்ட் ஒருவரைப் பிடித்தால் உடும்புப்பிடி. ஒன்றரை வருடமாக அது பிடித்திருந்தது பயிற்சியாளரை. தெருவைக் கடக்கலாம் என்று சிக்னல் டிக் டிக்கென்று கூப்பிடத் தொடங்குகிறது. "போலாம்டா" என்கிறார் டீச்சர். அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து காற்றைச் சுழற்றிவிட்டுப் போகிறது. நாயின் காது நிமிர்கிறது, தலை தூண் பக்கம் திரும்புகிறது. 'போயேன், சனியனே' என்று பயிற்சியாளரின் உதடு மட்டும் அசைகிறது. டிக் டிக் நின்றுவிடுகிறது. வண்டிகள் மறுபடி பாய்கின்றன. டீச்சர் கோபப்படவில்லை. கைப்பிடியின் மேல் விரலை ஓட்டியபடி, திரும்பாமலே பேசுகிறார்: "மாஸ்டர், பின்னாடிதானே நிக்கிறீங்க? கைப்பிடி அந்தப் பக்கமே திரும்புது. நீங்க போனாத்தான் நாங்க போக முடியும்." பயிற்சியாளர் எதிர்த்திசையில் நடக்கிறார். முதுகுக்குப் பின்னால் டிக் டிக் மறுபடி கேட்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து மட்டும், அந்தக் கைப்பிடி மாதிரியே, அந்தப் பக்கமே இழுக்கிறது.