மெத்தை அறிந்த கிரீடம்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ராஜ கிரீடம் இருந்தது. சிவப்பு வெல்வெட் மெத்தை ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பழைய நகைகளைச் சோதிப்பவர் வரப்போகிறார் என்று காவலர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதிலிருந்து கிரீடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மெத்தையே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் எந்த ராஜாவின் தலையிலும் இருந்ததில்லை. முலாம் பூசிய பித்தளை நான்."

"உளறாதே!" என்று சீறியது மெத்தை. "ராஜ கிரீடத்தைத் தாங்குகிறேன் என்பதால்தானே ஊரே என்னையும் வந்து பார்க்கிறது? வாயை மூடிக்கொண்டு மின்னு."

கிரீடம் மின்னியது. ஆனால் யாராவது கண்ணாடியருகே குனிந்தாலே அதற்கு உதறல் எடுத்தது.

சோதிப்பவர் வந்தார். கிரீடத்தின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார். பித்தளை பல்லிளித்தது.

"அப்பாடா! இனி நடுங்க வேண்டாம்" என்று கிரீடம் பெருமூச்சு விட்டது. அதை எடுத்துப்போய்விட்டார்கள்.

பிறகு, ஆற்று மணலில் கிடைத்த நிஜக் கிரீடத்தைக் கொண்டுவந்து மெத்தைமேல் வைத்தார்கள். அது மங்கி, நசுங்கி, கற்கள் உதிர்ந்து கிடந்தது.

மெத்தை முகம் சுளித்தது.

"ராஜ கிரீடத்தை வருஷக்கணக்காகச் சுமந்திருக்கிறேன். என்னையேவா ஏமாற்றுகிறாய், போலியே?"