கீழ் அறைக்கு எத்தனை டிகிரி

என் கணவர் ஓரெஸ்ட் இறந்த வருடம், அக்டோபரிலேயே வீட்டைச் சூடாக்கும் பழைய ஹீட்டர் நின்றுபோனது. கனடாவின் வின்னிப்பெக்கில் அது இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. எங்களுடையது அரைமாடி அரைமாடியாக இறங்கும் வீடு. புது ஹீட்டருக்கு அளவெடுக்க, அவருடைய ஹாக்கிக் கூட்டாளி மைரன் வந்தார்.

"மேல பதினாலு டிகிரி, நடுவுல பன்னெண்டு. கீழ் ரூமை மூடிட்டா சின்ன ஹீட்டரே போதும், ஹாலியா. அங்க உக்காந்து அவன மாதிரி குறட்டை விடப் போறியா என்ன?"

மூடிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கீழ் அறையில் பத்து டிகிரி. டிவிக்கு எதிரே சோஃபாவின் இடது மூலையில் மட்டும் மைரன் கையிலிருந்த வெப்பமானி முப்பத்தாறு காட்டியது.

"பேட்டரி போச்சு," என்று புது பேட்டரி போட்டார். அப்போதும் முப்பத்தாறு.

நான் போய் அந்த மூலையில் உட்கார்ந்தேன். மெத்தை ஆள் உட்கார்ந்திருந்த உடம்புச் சூட்டோடு கதகதப்பாக இருந்தது. மைரன் மறுபடி அளந்தார். சூடு சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்தில், யாரும் இல்லாத இருக்கையில், இப்போது முப்பத்தாறு.

"இந்த ரூமையும் சேத்துக்கோ மைரன்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இங்க எத்தனை டிகிரி வைக்கட்டும்?"

அதை அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.