சத்தம் வராத வண்டி

"சத்தம் வருதோ வரலையோ, மாத்திடுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண், மூன்றாவது முறையாக.

நாகப்பன் திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பொட்டில்லாத அந்த நெற்றியை, வந்தவுடனேயே ஒரு தடவை பார்த்துவிட்டார். அதுவே போதும் என்றிருந்தது.

ஒரகடம் கூட்ரோட்டில் பன்னிரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் அவர். இந்த மாடல் காரை மட்டும் எட்டு மாதமாக அவர் தொடுவதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். இன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே இவள் வண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அதே மாடல், அதே வெள்ளை.

"அம்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிகீதும்மா. காத்தால ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு எதுனா சத்தம் வருதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு டென்ஷனர மாத்தணும்ன்ற? எஞ்சினுக்குள்ள செயின் தொய்யாம இழுத்துப் புடிக்கிற சாமான் அது. லூசாச்சுன்னா சத்தமே காட்டிக் குடுத்துரும்."

"சத்தம் வந்ததுக்கப்புறம் எத்தினி நாள் தாங்கும்?"

நாகப்பன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது.

பன்னிரண்டு நாள். அன்புவின் வண்டி அவ்வளவுதான் தாங்கியது.

"அண்ணா, காத்தால ரெண்டு செகண்டு கடகடங்குது. டென்ஷனர இப்பவே மாத்திடலாமா?" என்று எட்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்றுதான் அன்பு கேட்டான். "இப்ப வேணாம்பா. ஆயில் மாத்திக்கினு ஓட்டு, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாராளமா போவும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியவர் நாகப்பன். வாலாஜாபாத் சாலையில் செயின் சக்கரத்தின் பல் தாண்டி எஞ்சின் சட்டென்று நின்றது. பின்னால் வந்த டிப்பர் லாரி நிற்கவில்லை.

அன்புவின் சாவுக்குப் போனார். தெருமுனை வரைதான் போக முடிந்தது. அன்புவின் மனைவி அலறிய குரல் காதில் விழுந்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அவள் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

அந்தக் கடகட சத்தம் மட்டும் அவரை விடவில்லை. ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் கிளம்பும்போது கேட்டது. வீட்டில் மிக்சி ஓடும்போது கேட்டது. சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்துபோய் வாசலைப் பார்ப்பார். அங்கே எந்த வண்டியும் இருக்காது.

"எஞ்சின் நின்னுட்டா பிரேக் புடிக்குமாண்ணா? ஸ்டியரிங்கு?" அவள் விடுவதாக இல்லை.

"கல்லு மாரி ஆயிடும்மா. முழு பலத்தையும் போட்டாத்தான் அசையும்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நாகப்பனுக்கு அப்படி வலித்திருக்காது. தேவையில்லை என்ற வார்த்தையை இன்னொருமுறை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வேலையைத் தொடங்கினார்.

பழைய டென்ஷனர் வெளியே வந்தபோது மதியம் ஆகிவிட்டது. அவள் அதுவரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து வந்து, "குடுங்க" என்று கை நீட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துப்பட்டாவிலேயே துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பி, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். பிறகு அதைக் காதோரம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். கண் வேறெங்கோ இருந்தது. விரல் மட்டும் தானாக வேலை செய்தது.

"நல்லாத்தான் கீதும்மா" என்றார் நாகப்பன்.

"ஆமா. இது நல்லாத்தான் இருக்கு." அவள் குரலில் நிம்மதி இல்லை. "வாலாஜாபாத் ரோட்டுல அடிபட்டுச்சே, அந்த வண்டி கடைசியா இங்கதானே வந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் எட்டு மாதமாகக் காத்திருந்தோம் என்றுகூட நாகப்பனுக்குத் தோன்றியது. டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்திடலாமான்னு கேட்டாம்மா. நாந்தான் வேணாம்னு அனுப்பிச்சேன். அன்னிக்கு அரை நாளு வேலை பார்த்திருந்தா உன் வூட்டுக்காரரு இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு. நீ இன்னா திட்டுனாலும் வாங்கிக்கிறேன். போலீஸாண்ட இட்டுக்கினு போனாலும் வர்றேன்."

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கியபின் அவள் அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"உங்கள எதுக்குண்ணா திட்டணும்? நான் அவரு சம்சாரம் இல்ல. எம்பேரு ஞானம்மா. இந்தச் சாமான் செய்யிற கம்பெனில செக்கிங்ல இருக்கேன்."

டென்ஷனரை அவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவரு வண்டில இருந்ததுக்கு ஓகே போட்டு அனுப்பினது நாந்தான்."