இனிஷியலைக் கழற்றிய பெயர்

ஓர் ஆஸ்பத்திரியின் கணினி சர்வரில் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்று காவல் இருந்தது. இணையப் படிவத்தில் மக்கள் நிரப்பி அனுப்புவதைச் சரிபார்த்து, பின்னால் இருக்கும் தரவுத்தளத்திடம் விடுவது அதன் வேலை.

ஒருநாள் இருதய டாக்டரைப் பார்க்க இடம் கேட்டு 'மு. தங்கப்பழம்' என்ற பெயர் வந்தது.

"பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கணும். இந்தப் புள்ளி எதுக்கு?" என்று ஸ்கிரிப்ட் சிவப்பாகக் கத்தியது.

"ஐயா, அது எங்கப்பா முனியாண்டியோட இனிஷியல்."

"டாக்டரைப் பாக்க அப்பன் எதுக்கு? கழற்றிட்டு வா."

பெயர் கூனிக் குறுகி, கழற்றிவிட்டு உள்ளே போனது.

தரவுத்தளம் தேடிப் பார்த்தது. "தங்கப்பழம் ஏற்கெனவே இருக்காரே. ஒருத்தருக்கு ரெண்டு இடம் கிடையாது."

"அவர் வேற ஆளுங்க!"

"எப்படி நம்புறது? ரெண்டு பேருக்கும் அப்பன் பேரைக் காணோமே."

பெயர் நெஞ்சுவலியோடு திரும்பிப் போனது. தரவுத்தளம் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டது.

"ஏம்ப்பா, உன் முதல் வரியை என்னிக்காவது படிச்சிருக்கியா?"

எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிப்பதில்லை. அது மனிதர்களுக்காக எழுதிவைத்த குறிப்பு. அன்றுதான் படித்தது. 'எழுதியவர்: தா. வேலாயுதம்' என்று புள்ளியோடு இருந்தது.



அடுத்து, வெறும் 'அஞ்சலை' என்று ஒரு பெயர் தயங்கியபடி வந்து நின்றது.

"இனிஷியல் எங்கேம்மா?" என்று ஸ்கிரிப்ட் மெல்லக் கேட்டது.

"நீங்க திட்டுவீங்கன்னு வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டேங்க."